பருத்தியைத் தின்னும் நொதியை நிறுத்துவது யார்?

தாராபுரம் வட்டாரத்துப் பருத்தி மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகிறது. அந்தப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. இந்தச் சங்கிலியை வெட்டும் செல்லுலேஸ் என்ற நொதியைத்தான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் காசு கொடுத்து வாங்கி, பனியன் துணியின் மேலேயே விடுகின்றன. பயோவாஷ் என்பது இதுதான். துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை நொதி கத்தரித்துவிடும். பிறகு துவைத்தாலும் துணி எளிதில் பிசிறு கட்டாது.

ஆனால் பிசிறு எது, துணி எது என்று நொதிக்குத் தெரியாது. பிஎச் 5, வெப்பம் 50 டிகிரி என்று தொட்டி வாகாக இருக்கும்வரை வெட்டிக்கொண்டே போகும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் சோடா ஆஷ் போட்டோ, 80 டிகிரிக்குச் சூடேற்றியோ அதன் வேலையை முடிக்கிறார்கள். விட்டால் துணியின் எடையும் வலுவும் போய்விடும்.

உயிருள்ள செல் தன்னை வேகவைத்துக்கொண்டு ஒரு நொதியை நிறுத்த முடியாது. அது கையாளும் வழிகளை இந்த நொதியைச் சுரக்கும் பூஞ்சையிடமே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் மக்கிய பருத்திக் கூடாரத்தில் பிடிபட்டது அது. ஆராய்ச்சியாளர் எல்வின் ரீஸின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி ஆயிற்று.

நொதி ஒரு புரதம்; செய்யச் செலவாகும். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது, க்ரீ1 என்ற புரதம் செல்லுலேஸ் மரபணுக்களில் ஒட்டி உற்பத்தியை அடக்குகிறது. குளுக்கோஸ் தீர்ந்து, பக்கத்தில் செல்லுலோஸ் இருந்தால் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். இது மெதுவான வழி. ஏற்கெனவே வெளியே விட்ட நொதியை இது தொடாது. அதைத் தடுப்பது, வெட்டும்போது கிடைக்கும் செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை. அது குவிந்தால் நொதியின் வெட்டும் இடத்தையே அடைத்துக்கொள்ளும்.

செல்லுக்குள்ளே நடப்பது இன்னும் நேர்த்தியானது. குளுக்கோஸை உடைத்து ஏடிபி என்ற ஆற்றல் பொருளை எடுக்கும் பாதையில் பத்துப் படிகள். மூன்றாவதில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி. ஏடிபி மிகுந்தால், வினை நடக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் அதுவே போய் ஒட்டும். நொதியின் வடிவம் சற்று மாறி வேகம் குறையும். ஏடிபி செலவாகும்போது உண்டாகும் ஏஎம்பி அந்தத் தடையை நீக்கும். ஈஸ்டிலும் நம் தசையிலும் இதே ஏற்பாடுதான். மேற்பார்வைக்கு யாரும் இல்லை, பொருளின் அளவே உத்தரவு. உயிர்வேதியியலில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இது.

தொழிற்சாலைக்கோ பூஞ்சையின் சிக்கனம் இடைஞ்சல். 1970களில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் புற ஊதாக் கதிராலும் வேதிப்பொருளாலும் அதன் மரபணுக்களைக் குலைத்து, குளுக்கோஸ் இருக்கும்போதும் செல்லுலேஸ் சுரக்கும் ரட்-சி30 வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது அதில் க்ரீ1 மரபணுவின் பெரும்பகுதி அறுந்திருந்தது. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதற்கான நொதிக் கலவைகளில், செல்லோபயோஸ் தேங்காதபடி அதை உடனுக்குடன் உடைக்கும் இன்னொரு நொதியையும் சேர்த்துவிடுகிறார்கள்.