திரையில் வீடு – 9: கதவு மாறியது, எழுத்து மாறவில்லை

ஒரு வீட்டு பிளானில் சர்வே எண் எத்தனை இடத்தில் வருகிறது? சைட் பிளானில் மனைக்கு நடுவே ஒன்று. பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் இருக்கும் டைட்டில் பிளாக்கில் ஒவ்வொன்று. 2004-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபின் மேலூர் சாலையோரம் மனைப்பிரிவுகள் பெருகிய ஒத்தக்கடைப் பக்கம் இதை லேசாக விட முடியாது. மனை பிரிந்தால் உட்பிரிவும் பிரியும். வரையத் தொடங்கும்போது 45/2 என்றிருந்தது, பட்டா மாறி வரும்போது 45/2பி ஆகிவிடும். “அண்ணே, பட்டா வந்துருச்சு, நம்பரை மட்டும் மாத்திக் குடுத்துருங்க” என்பார் வீட்டுக்காரர். வரைபவர் ஐந்து தாளில் மாற்றுவார், ஆறாவதை விட்டுவிடுவார். பரிசீலிக்கிறவர் கண்ணில் அந்த ஆறாவதுதான் முதலில் விழும்.

எழுத்தை வெறும் எழுத்தாக அடித்து வைத்ததால் வரும் வினை இது. சென்ற வாரம் பார்த்த பிளாக்குக்குள் (ஒருமுறை வரைந்து பல இடத்தில் செருகும் படம்) அதை அட்ரிபியூட்டாக (செருகலுக்குச் செருகல் மதிப்பு மாறக்கூடிய எழுத்து) வைத்திருந்தால் கதை வேறு.

ஆட்டோகேடில் ‘அட்டெஃப்’ கட்டளை கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் மூன்று கேள்விகள் முக்கியம். டேக் என்பது உள்ளே வைக்கும் பெயர். இடைவெளி விடக் கூடாது. பிராம்ப்ட் என்பது பிளாக்கைச் செருகும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. டிஃபால்ட் என்பது பதில் சொல்லாவிட்டால் தானாக விழும் மதிப்பு. ஜன்னல், கதவு, டைட்டில் பிளாக் எதுவானாலும், படத்தோடு இந்த அட்ரிபியூட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து பிளாக் ஆக்க வேண்டும். செருகியபின் அதன் மேல் இரட்டைச் சொடுக்கு போட்டால் திருத்தும் பெட்டி வரும். மதிப்பு, எழுத்தின் உயரம், லேயர் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றலாம்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். சிக்கல் இதற்குப் பிறகுதான்.

டி1 என்ற கதவு பிளாக்கை வீடு முழுக்கப் போட்டாயிற்று. வீட்டுக்காரர் ஒற்றைக் கதவு வேண்டாம், இரட்டைக் கதவு வேண்டும் என்கிறார். பிளாக்கைத் திறந்து படத்தை மாற்றி, கூடவே ‘மரம்’ என்று புதிதாக ஓர் அட்ரிபியூட்டும் சேர்த்துச் சேமிக்கிறீர்கள். கதவுகள் எல்லாம் ஒரே நொடியில் இரட்டையாகிவிடும். ‘மரம்’ மட்டும் எங்கும் வராது. புதிதாகச் செருகும் கதவில் வரும், பழையவற்றில் வராது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று மூடித் திறப்பவர்கள் உண்டு. கெடவில்லை, அதன் அமைப்பே அப்படி.

படத்தின் மூலம் ஒன்றே, பார்க்கிற இடங்களில் இருப்பவை எல்லாம் அதன் சாயல்கள் என்ற யோசனை 1963-லேயே வந்துவிட்டது. எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரலில் மூலத்தைத் திருத்தினால் சாயல்கள் எல்லாம் தாமாகத் திருந்தின. ஆட்டோகேடின் பிளாக்கும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அட்ரிபியூட்டை அப்படி வைக்க முடியாது. வைத்தால் எல்லாக் கதவுக்கும் ஒரே அளவுதான் எழுத முடியும். ஆகவே படம் மூலத்துக்குச் சொந்தம், மதிப்பு அந்தந்தச் செருகலுக்குச் சொந்தம் என்று பிரித்துவிட்டார்கள். மூலத்தின் அட்ரிபியூட்டில் செய்த மாற்றம் பழைய செருகல்களுக்குத் தானாகப் போய்ச் சேராததற்குக் காரணம் இதுவே. இந்த ஒன்று பிடிபட்டால் அட்ரிபியூட் தொல்லைகளில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டளை ‘அட்சிங்க்’. பிளாக் பெயரைச் சொன்னால் பழைய செருகல்கள் எல்லாம் புது அமைப்புக்கு வரும்; அடித்து வைத்த மதிப்புகள் அப்படியே இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சுவரில் இடிக்கிறது என்று ஒரு கதவின் எழுத்தைத் தனியாக நகர்த்தி வைத்திருந்தால் அது மூலத்தில் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். இன்னொன்று இதைவிடக் கடுமை: செருகலையும் மூலத்தையும் மென்பொருள் பொருத்திப் பார்ப்பது டேக் பெயரை வைத்துத்தான். பிளாக்கை மறுபடி வரையறுக்கும்போது டேக்கின் பெயரை மாற்றிவிட்டு அட்சிங்க் கொடுத்தால், பழையது நீக்கப்பட்டு, புதியது டிஃபால்ட் மதிப்போடு வந்து உட்காரும். அடித்ததெல்லாம் போயிற்று. பிராம்ப்ட்டை விருப்பம்போல் மாற்றுங்கள். டேக்கில் கை வைக்காதீர்கள்.

கேள்விகளின் வரிசையை மாற்ற, வேண்டாததை நீக்க, ‘பேட்மேன்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. பிளாக் அட்ரிபியூட் மேனேஜர் என்பதன் சுருக்கம். பெயர் வைத்தவர் சிரித்துக்கொண்டேதான் வைத்திருப்பார்.

‘எக்ஸ்புளோட்’ பற்றியும் சொல்ல வேண்டும். கை பழகியவர்களுக்கு எதையும் உடைத்துத் திருத்துவதே வழக்கம். அட்ரிபியூட் உள்ள பிளாக்கை உடைத்தால் 45/2பி மறைந்து அங்கே டேக் பெயர் வந்து நிற்கும். உடைத்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள ‘பர்ஸ்ட்’ பயன்படுத்துங்கள். மதிப்பு சாதாரண எழுத்தாக நிற்கும்.

கான்ஸ்டன்ட் என்றொரு வகையும் உண்டு. செருகியபின் அதைத் திருத்தவே முடியாது. ஒத்தக்கடையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க யானைமலை அடிவாரம் போதும். நரசிங்கம் குடைவரையில் கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கோயிலைத் தொடங்கி, முடியுமுன் இறந்தார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி நீர் தெளித்தார். யார் தொடங்கினார், யார் முடித்தார், எப்போது என்று ஒரு டைட்டில் பிளாக்கில் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேலாக யாரும் இரட்டைச் சொடுக்கு போடவில்லை. நம் சர்வே எண்ணுக்கு அந்தக் கௌரவம் வேண்டாம். கான்ஸ்டன்ட் பெட்டியில் டிக் போடாதீர்கள்.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அட்ரிபியூட் மதிப்பை அடித்தால் திரையில் தமிழாகத்தான் தெரியும். அதே மதிப்பை ‘டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன்’ மூலம் எக்செலுக்கு எடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. லதா, நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ஸ்டைல் அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆசாரிக்குக் கொடுக்கும் கதவுப் பட்டியல், எத்தனை, எந்த அளவு, எந்த மரம் என்று தமிழிலேயே வரும்.

சரி, ஆறு தாளிலும் சர்வே எண்ணை மாற்ற வேண்டுமே? ஒரே கோப்பில் ஆறு தாள்களும் ஒரே டைட்டில் பிளாக்கால் ஆனவை என்றால், எக்ஸ்பிரஸ் டூல்ஸில் ‘கேட்டி’ கட்டளை. பிளாக்கைக் காட்டி, டேக்கைச் சொல்லி, புது எண்ணை ஒரு முறை அடித்தால் போதும். தாள்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடந்தால் வேறு வழி வேண்டும். அதற்கு ஃபீல்டு, ஷீட் செட் இரண்டையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.