வெப்பம் பற்றிய கருத்து மாற்றமும் இயற்பியலின் வளர்ச்சியும்

முன்னுரை

சரியான கொள்கை தவறான கொள்கையை அகற்றிய கதையாகவே இயற்பியல் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வெப்பம் பற்றிய கருத்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அடைந்த மாற்றம் இப்பார்வையின் போதாமையைக் காட்டுகிறது. கைவிடப்பட்ட கொள்கையொன்று இயற்பியலுக்கு விட்டுச்சென்றவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பம் ஒரு பாய்மம்

வெப்பம் என்பது எடையற்ற பாய்மம் என்றும், அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாய்கிறது என்றும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலர் கருதினர். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், 1789இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் இதனைக் 'கலோரிக்' என்ற பெயரில் சேர்த்தார். பாய்மத்தின் மொத்த அளவு மாறாது என்பது இக்கொள்கையின் அடிப்படை. ஒரு பொருள் இழந்த வெப்பம் மற்றொன்று பெற்ற வெப்பத்திற்குச் சமம் என்ற கணக்கீடு இதனுடன் இயல்பாகப் பொருந்தியது. கலவை முறையில் தன்வெப்பம் காணும் மாணவர் இன்றும் இக்கணக்கீட்டையே பயன்படுத்துகின்றனர். நீராவிப் பொறியின் திறனுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதைக் கார்னோ 1824இல் நிறுவியதும் இக்கொள்கையின் துணைகொண்டே ஆகும்.

உராய்வு எழுப்பிய வினா

மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது வெளிப்பட்ட வெப்பத்தை ரம்ஃபோர்டு ஆராய்ந்தார். மழுங்கிய கருவியால் நீருக்குள் வைத்துத் துளையிட்டபோது, இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது. உராய்வு நீடிக்கும்வரை தீராது வெளிப்படும் ஒன்று பருப்பொருளாக இருக்க இயலாது என அவர் 1798இல் வாதிட்டார். எனினும் பாய்மக் கொள்கை மேலும் பல பத்தாண்டுகள் நிலைத்தது. செய்த வேலைக்கும் விளைந்த வெப்பத்திற்கும் இடையிலான விகிதம் துல்லியமாக நிறுவப்படாமையே இதற்கு முக்கியக் காரணம் எனலாம்.

இக்குறையை ஜூல் நீக்கினார். கீழிறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீரின் வெப்பநிலை உயர்வை அவர் அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை உயர்த்த 772 அடி-பவுண்டு வேலை தேவை என்ற முடிவை 1850இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 778 ஆகும். வெப்பம் தனித்து அழியாதிருப்பதன்று. வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பது இதனால் உறுதிப்பட்டது.

முடிவுரை

அதே 1850இல் கிளாசியஸ், பாய்மக் கருத்தை விலக்கியபோதும் கார்னோ கண்ட வரம்பைக் கைவிடவில்லை. அதற்குப் புதிய அடிப்படை அமைத்தார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி உருப்பெற்றது. ஆகவே, பழைய விளக்கம் வீழ்ந்தாலும் அதன் வழியே பெறப்பட்ட அளவீடுகளும் தொடர்புகளும் புதிய கொள்கைக்குள் இடம்பெறுகின்றன. பாய்மக் கொள்கையை வெறும் பிழையென ஒதுக்கும் பாடநூல், இயற்பியல் வளர்ந்த முறையையே மாணவரிடமிருந்து மறைத்துவிடுகிறது.