கரிசல் பருத்தியை வாட்டும் பன்னிரண்டு மரபணுக்கள்

வீரசோழன், திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறவர்களுக்கு வாடல் நோயைத் தெரியும். மண்ணில் ஈரம் இருக்கும். பக்கத்துச் செடி செழித்து நிற்கும். இந்தச் செடி மட்டும் இலையோரம் மஞ்சளித்துப் பழுப்பேறித் தொங்கிவிடும். பிடுங்கித் தண்டை நெடுக்காகக் கீறினால், பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, வேர் வழியே நுழைந்து நீர்க்குழாய்களில் குடியேறிய தடம் அது.

குழாய் அடைத்ததால்தான் செடி வாடுகிறதா, பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கும் அதில் பங்கு உண்டா? சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவனும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஃபியூசேரிக் அமிலம் என்ற நஞ்சை ஜப்பானியர்கள் 1934-லேயே பூஞ்சையிலிருந்து பிரித்திருந்தார்கள். ஆனால் குடுவையில் சுரப்பது செடிக்குள்ளும் சுரக்கும் என்று எப்படி நம்புவது? செடியிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் குழுவின் கே. லட்சுமிநாராயணனும் டி. சுப்ரமணியனும் நோய் கண்ட பருத்திச் செடியில் அந்த அமிலத்தைக் கண்டுபிடித்து, 1955-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் பருத்தியை வைத்து நம் ஊரில் நடந்த வேலை; வேளாண்மை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

இரும்பு, செம்பு போன்ற உலோகங்களைக் கவ்விக்கொள்ளும் அமிலம் அது. அதைப் பூஞ்சை எப்படிச் செய்கிறது என்பது பிடிபட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மக்காச்சோளத்தைத் தாக்கும் ஃபியூசேரியத்தில் 2012-ல் ஐந்து மரபணுக்கள் தெரியவந்தன. 2015-ல் எண்ணிக்கை பன்னிரண்டானது. ஒரே தெருவில் வரிசையாகக் குடியிருப்பவர்களைப் போல அவை குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. 'ஃபப்-1' தரும் நொதி கார்பன் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. 'ஃபப்-10' மற்றவற்றை முடுக்கிவிடுகிறது. பெனிசிலினுக்கான மூன்று மரபணுக்களும், நிலக்கடலையில் ஏறும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கானவையும் இப்படிச் சேர்ந்தே இருக்கின்றன. மருந்தோ நஞ்சோ, பூஞ்சை வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

'ஃபப்-1'ஐ நீக்கிய ஃபியூசேரியத்தைத் தக்காளிச் செடியில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. பூஞ்சையின் வீரியம் குறைந்தது, முழுதாகப் போய்விடவில்லை. அமிலம் ஓர் ஆயுதம், பூஞ்சையிடம் வேறும் உண்டு.

வாடிய செடியை மீட்க மருந்து கிடையாது. அதனால்தான் விதைக்கும் முன்பே, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்கிறார்கள். அதுவும் பூஞ்சைதான். ஃபியூசேரியத்தோடு மண்ணில் மல்லுக்கட்ட அதுவும் தன் பங்குக்கு வேதிப்பொருள்களைச் சுரக்கிறது.