கூடுதலாக வந்த 4,096 ஓட்டுகள்

2003 மே மாதம் பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல். பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, விழவே வாய்ப்பில்லாத அளவுக்கு ஓட்டு விழுந்திருப்பதாகக் கணினி காட்டியது. மறுபடி எண்ணியதில் சரியாக 4,096 ஓட்டுகள் குறைந்தன. இரண்டைப் பன்னிரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் வரும் எண் அது. கணினி நினைவகத்தில் ஒரேயொரு பூஜ்யம் ஒன்றாக மாறினால் போதும், இத்தனை ஓட்டு கூடிவிடும். விண்வெளிக் கதிர் பட்டிருக்கலாம் என்று வல்லுநர்கள் ஊகித்தார்கள், நிரூபிக்க முடியவில்லை. வாக்காளர்கள் பெட்டியில் போட்ட காந்த அட்டைகள் பத்திரமாக இருந்ததால்தான் தவறைத் திருத்த முடிந்தது. அதே பிழை 64 ஓட்டு அளவுக்கு நடந்திருந்தால் யார் கண்ணில் பட்டிருக்கும்?

மின்னணு வாக்குப்பதிவு என்றாலே 'ஹேக் செய்ய முடியுமா?' என்றுதான் எல்லா நாட்டிலும் சண்டை. பொறியாளர்களுக்குள் முடியாமல் நீளும் சண்டை அது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் வேறு இடத்தில் கை வைத்தது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தானே சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்றது. முறைகேடு நடந்ததாக அது சொல்லவில்லை. ஆனாலும், 2005 தேர்தலில் பயன்படுத்திய இயந்திரங்கள் சாசனத்துக்குப் பொருந்தாதவை என்று தீர்ப்பளித்தது. அயர்லாந்தோ 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கிய இயந்திரங்களை 2002-ல் சில தொகுதிகளில் மட்டும் பயன்படுத்திவிட்டு, 2012-ல் பழைய இரும்புக்குப் போட்டது. எஸ்டோனியாவில் 2023-ல் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இணையத்திலேயே ஓட்டுப் போட்டார்கள், பிரேசிலில் சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது என்ற வாதங்களும் உண்டு. வேகம் நல்லதுதான். ஆனால் தோற்றவர் மனதார ஒப்புக்கொள்ள வேகம் மட்டும் போதாது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியையே கைப்பற்றிக் கத்தை கத்தையாகக் குத்தினார்களே என்று கேட்பார்கள். உண்மைதான், இந்தியா இயந்திரத்துக்கு மாற அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த அராஜகம் ஊர் பார்க்க நடந்தது. பூத் ஏஜென்ட் கூச்சல் போடவாவது முடிந்தது. இயந்திரத்துக்குள் நடப்பதை எந்த ஏஜென்ட் பார்ப்பார்? இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் விவிபாட். நாம் போட்ட சின்னம் சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. பெல்ஜியத்தைக் காப்பாற்றிய அட்டையைவிட இது மேல், வாக்காளர் கண்ணாலேயே படிக்கலாம். ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளைத்தான் வழக்கமாக எண்ணிப் பார்க்கிறார்கள். முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கை 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் பணம் கட்டி ஐந்து சதவீத இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லலாம். சோதிப்பவர்கள், அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்கள்.