1 எம்பி ஃபைலுக்கு 18 நிமிடம்... டயல்-அப் காலத்தில் டவுன்லோடை வேகப்படுத்தியது எப்படி?

ஈசிஆர் பஸ்ஸில் உட்கார்ந்து, புதுப்பட்டினம் ஸ்டாப் தாண்டுறதுக்குள்ள 4 எம்பி பாட்டை இறக்கிடலாம். 1995-ல் அதே பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவும் லைன் கட் ஆகாமல் இருந்தால்!

அப்போது என்ன நிலைமை?

1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. முதல் கட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்குக் கிடைத்தது குறைந்த கட்டண ஷெல் கணக்கு; திரையில் வெறும் எழுத்து மட்டும்தான். போன் பில் தனி. புதுப்பட்டினத்திலிருந்து சென்னை எண்ணுக்கு டயல் செய்தால் அது எஸ்டிடி. ஒவ்வொரு நிமிடமும் காசு.

ஷெல் கணக்கில் டவுன்லோடுக்கு இரண்டு கட்டம். முதலில் ஃபைல் சர்வருக்கு வரும். அது சட்டென முடியும். பிறகு அங்கிருந்து மோடம் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. இழுத்தடிப்பது இங்கேதான். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், 1 எம்பிக்குச் சுமார் 18 நிமிடம்.

லைன் மட்டும்தான் காரணமா?

இல்லை. பாதி நேரம் காத்திருப்பதிலேயே போனது.

* எக்ஸ்மோடம் (1977): சிகாகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன் எழுதியது. ஃபைலை 128 பைட் துண்டுகளாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்துடுச்சு' என்று பதில் வந்தால்தான் அடுத்தது கிளம்பும். 1 எம்பிக்கு 8,192 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி காத்திருந்தால், கூடுதலாக சுமார் 14 நிமிடம் வீண்.
* ஒய்மோடம்: துண்டு 1,024 பைட். அதே காத்திருப்பு 2 நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.
* இசட்மோடம் (1986): சக் ஃபோர்ஸ்பெர்க் உருவாக்கியது. பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்து அனுப்பும். பிழை வந்தால் மட்டும் அந்த இடத்துக்குத் திரும்பும். லைன் கட் ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 15-வது நிமிடத்தில் கட் ஆகி, முதலிலிருந்து தொடங்கும் கொடுமை இதோடு ஒழிந்தது.

இன்னொரு வழி?

சர்வரிலேயே ஃபைலை ஜிப் செய்துவிட்டு இறக்குவது. எழுத்து ஃபைல்கள் பாதிக்கும் கீழே சுருங்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படத்தில் பலன் இருக்காது.

இன்றைக்கு இதனால் என்ன?

நெட் பேக் புதுசு, கணக்கு பழசுதான். வேகம் அதிகமாகக் காட்டினாலும் பதில் வரத் தாமதமானால் ஆப் திணறும். அந்தத் தாமதத்தின் பெயர்தான் 'பிங்'. பாதியில் நின்ற டவுன்லோடை 'ரெஸ்யூம்' தட்டி மீட்கிறோமே, டயல்-அப் காலத்தில் காசை மிச்சம் பிடித்ததும் இதே யோசனைதான்.