ஒன் ஸ்கொயரா, ஒன்றரையா?

வீட்டு ஒயரிங்குக்கு கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒயர் வாங்கப் போனால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். வயதான ஒயர்மேன் சிலர் இன்னும் சீட்டில் 3/22 என்று எழுதித் தருவார்கள். 22 கேஜ் கம்பி மூன்று சேர்ந்தது, அதாவது ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர். இன்று அந்த அளவு கிடையாது. ஒன்று எடுக்க வேண்டும், அல்லது ஒன்றரை.

“பல்புதானே எரியப் போகுது, ஒன்னு போதும்” என்பார்கள். கணக்கும் அதைத்தான் சொல்லும். 9 வாட் எல்இடி எட்டு, 75 வாட் ஃபேன் மூன்று என்றால் மொத்தம் 300 வாட்டுக்குள். 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர். பைப்புக்குள் போகும் ஒன் ஸ்கொயர் செம்பு ஒயர் பத்து ஆம்பியர் வரை தாங்கும்.

ஆனால் அந்த லைட் போர்டிலேயே ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக்கும் இருக்கிறதே! அதில் என்ன சொருகப் போகிறார்கள் என்று ஒயர்மேனுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. மார்கழிக் குளிரில் 1500 வாட் ஹீட்டர் ராடு போட்டால் அது மட்டுமே ஆறரை ஆம்பியர். அதே லைனில் பக்கத்து அறையில் 700 வாட் ரைஸ் குக்கரும் ஓடினால் ஒன்பதரையைத் தாண்டிவிடும். லைட் லைனுக்கு ஒன்றரை போடச் சொல்வது இதற்காகத்தான். ராடு, கீசர், அயர்ன் பாக்ஸுக்கு இரண்டரையில் தனி லைன் இழுப்பதே முறை. ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயின்டுக்கு மேல் வேண்டாம், 800 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்பது ஒயரிங் விதிகளில் நெடுங்காலமாக உள்ள வரம்பு.

அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. காப்பது பல்பை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒன்றரைக்கு 10 ஆம்பியர், ஒன்றுக்கு 6. அடிக்கடி விழுகிறதே என்று கழற்றிவிட்டு 20 ஆம்பியர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் எம்.சி.பி. விழாது, ஒயரின் பிவிசி உருகும்.

கல்வராயன் மலைக்கு ஏறினால் கணக்கு வேறு. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கொல்லைக்கு நடுவே வீடு இருக்கும். மாட்டுக்கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் தள்ளி இருக்கும். வீட்டிலிருந்து 80 மீட்டர் என்று வைப்போம். போக வர 160 மீட்டர் கம்பி. ஒன்றரை ஒயரில் அந்த நீளத்துக்கு மின்தடை சுமார் 2 ஓம். கொட்டகையில் ஒரு எல்இடி மட்டும் எரிந்தால் ஒரு வோல்ட்கூட இறங்காது. அங்கே தடிமன் ஒயர் வீண் செலவு. அதே லைனில் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டாரை மாட்டினால் கதை மாறிவிடும். ஓடும்போது 4 ஆம்பியர், 8 வோல்ட் போகும், பரவாயில்லை. கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும்; அப்போது 40 வோல்ட் காணாமல் போகும். சாயங்காலம் வீட்டுக்கே 190 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 150. உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது, காயில் கருகும். நாலு ஸ்கொயர் போட்டால் இறக்கம் 15 வோல்ட்டோடு நின்றுவிடும். வெட்டவெளியில் சாதாரண வீட்டு ஒயரை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிலில் பிவிசி வெடித்துவிடும். மண்ணுக்குள் புதைக்க ஆர்மர்டு கேபிள் இருக்கிறது.

விலை குறைவாக ஒரு காயில் கிடைத்தால் தராசில் வைத்துப் பாருங்கள். 90 மீட்டர் ஒன்றரை காயிலில் செம்பு மட்டுமே 1.2 கிலோவுக்கு அருகில் இருக்க வேண்டும். உறையோடு சேர்த்தே அவ்வளவுதான் என்றால், ஒயர்மேல் என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே ஒன்றரை இல்லை. ஒயர் நெடுக ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.