எப்படி இயங்குகிறது? வயல் கொசுவும் மூளைக்காய்ச்சலும்

ஜப்பான் பெயரைச் சுமந்தாலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நமக்கு அந்நியமல்ல. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். நெல்வயலும் குளமும் கொக்கும் சேர்ந்த இடம் இதற்குத் தோது. கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் மூன்றுக்கும் குறைவில்லை. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

இது பரவும் விதம், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். உறைமோர்க் கிண்ணம் கொக்கு. வைரஸ் அதன் உடம்பில் நோகாமல் குடியிருக்கும். கரண்டி, வயல் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு. வெதுவெதுப்பான பால் பானை, பன்றி. ஒரு கரண்டி விழுந்தால் போதும், சில நாளில் அதன் ரத்தத்தில் வைரஸ் பெருகிவிடும். பிறகு எத்தனை கொசு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். இந்தக் கொசு அதிகம் தேடிப் போவது மாட்டைத்தான். ஆனால் மாட்டிடம் வைரஸ் அவ்வளவாகப் பெருகாது, பச்சைத்தண்ணீரில் உறை ஊற்றியது மாதிரி.

மனிதரும் தண்ணீர்ப் பானைதான். நம்மிடமிருந்து அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் சேராது. ஆனால் பானைக்கு மூளை கிடையாது, நமக்கு உண்டு. தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு நோய் முற்றும், பெரும்பாலும் குழந்தைகளுக்கு. கடும் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல். முற்றியவர்களில் 100க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தாலும் பலருக்குக் கை கால் முடக்கமோ பேச்சுக் குறையோ நின்றுவிடும். வைரஸைக் கொல்ல மருந்தில்லை.

தடுப்பது எப்படி? ரப்பர் தோட்டத்துச் சிரட்டையைக் கவிழ்ப்பது டெங்குவைத் தடுக்க நல்லது. வயலில் முட்டையிடும் இந்தக் கொசுவை அது தொடாது. கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களில் வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது தண்ணீரை வற்றவிட்டு மறுபடி பாய்ச்சி வைத்தால் கொசுப்புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன்னே காய்ந்து சாகும். பன்றிக்கூடு வீட்டை விட்டுத் தள்ளியிருக்கட்டும். கொசு அந்தியிலும் இரவிலும் கடிப்பதால் வலை அவசியம்.

எல்லாவற்றிலும் உறுதியானது தடுப்பூசிதான். நோய் காணும் மாவட்டங்களில் அரசு அதை 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறு தவணை என்று போடுகிறது. ஆனால், ‘ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் போட்டுவிட்டார்கள், நம் பிள்ளைக்கு வராது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவதில்லை. ஊரே ஊசி போட்டாலும் கொக்கும் பன்றியும் அப்படியேதான் இருக்கும். போட்ட பிள்ளைக்கு மட்டுமே காப்பு. உங்கள் பிள்ளைக்கு இந்தத் தடுப்பூசி உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.